கைக்கும் ஒரு வேலை வேண்டும்



பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளை எப்படித் தூக்குவது, எப்படிக் கதிரையில் இருத்துவது என்று சென்ற மாதம் இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன். அதை வாசித்த தாய்மார் சிலர் கடிதம் போட்டிருந்தார்கள். கிராமங்களுக்குப் போன இடங்களிலும் மறித்துக் கேட்டார்கள். எல்லோருடைய கேள்வியும் ஏறக்குறைய ஒன்றுதான். "காலை விடுங்கோ மிஸ். இந்தக் கையை என்னெண்டு நிமித்திறது? எவ்வளவு இழுத்துவிட்டாலும் திரும்ப மடங்கிப் போகுது."

நான் வைத்தியரும் அல்ல, சிகிச்சையாளரும் அல்ல. பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்துவிட்டு இந்த வேலைக்கு வந்தவள். தாய்மாரோடு கிளினிக் வாங்கில்களில் காத்திருந்து, சிகிச்சை அறையின் ஒரு மூலையில் இருந்து பார்த்து, பிறகு தேடி வாசித்து அறிந்ததைத்தான் உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன். அப்படி அறிந்த வரையில், "இழுத்து நிமிர்த்துவது" என்ற அந்த எண்ணத்தை முதலில் கொஞ்சம் தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது.

கிளினிக் கொப்பியில் "சி.பி." என்று எழுதியிருப்பார்களே, அதுதான் பெருமூளை வாதம். வளர்ந்துகொண்டிருக்கும் மூளையில், பிறப்பதற்கு முன்போ, பிறக்கும்போதோ, பிறந்து சிறிது காலத்துக்குள்ளோ ஏற்படும் பாதிப்பால் உடம்பின் அசைவுகள் குழம்பிப்போகும் நிலை. மாதம் நிறையாமல் பிறப்பது, நிறை மிகக் குறைவாகப் பிறப்பது, பிறந்தவுடன் வந்த கடுமையான மஞ்சட்காமாலைக்கு உரிய நேரத்தில் சிகிச்சை கிடைக்காமல் போவது, மூளைக்காய்ச்சல், தலையில் அடிபடுவது என்று காரணங்கள் பல. பல பிள்ளைகளில் இன்னதுதான் காரணம் என்று கடைசிவரை தெரிவதில்லை. உலகம் முழுவதும் பார்த்தால் ஆயிரம் பிள்ளைகளில் ஏறத்தாழ இரண்டு பேருக்கு இது இருக்கிறது.

2008, 2009 காலப்பகுதியில் வன்னியில் பிள்ளை பெற்ற தாய்மாரைச் சந்திக்கும்போது இன்றைக்கும் ஒரு பேச்சு வரும். "பங்கருக்குள்ள பெத்தனான், அதாலதான்." "வயித்தோட ஓடினனான், அதாலதான்." மாமியார் வீட்டில் இன்னும் கடுமையாகச் சொல்லியிருப்பார்கள். இந்தப் பழி மிகப் பழையது. 1861 இல் வில்லியம் லிட்டில் என்ற ஆங்கிலேய வைத்தியர், கஷ்டமான பிரசவத்திலும் மாதம் நிறையாமலும் பிறந்த பிள்ளைகளுக்குக் கைகால் இறுகிப்போவதைப் பற்றி லண்டனில் ஒரு கட்டுரை வாசித்தார். நெடுங்காலம் இதை "லிட்டில் நோய்" என்றே அழைத்தார்கள். 1897 இல், உளவியலால் பிறகு பெயர் பெற்ற சிக்மண்ட் பிராய்ட், அப்போது அவர் நரம்பு வைத்தியர், வேறு ஒன்றைச் சொன்னார். வயிற்றிலேயே தொடங்கிவிட்ட ஒரு குறைபாட்டின் விளைவாகவே சில பிரசவங்கள் கஷ்டமாகின்றன என்றார். பிற்காலத்து ஆய்வுகளும் பல பிள்ளைகளில் பாதிப்பு பிரசவ வலிக்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது என்றுதான் காட்டின. ஆகவே, ஓடியதற்காக எந்தத் தாயும் தன்னைத் தண்டித்துக்கொள்ள வேண்டியதில்லை. யுத்தம்தான் காரணம் என்றால் அது யுத்தத்தின் குற்றம்.

மூளையில் ஏற்பட்ட காயம் பிறகு பெருகுவதில்லை. ஆனால் பாவிக்காமல் விட்ட கை, பிள்ளை வளர வளர இறுகிக்கொண்டே போகும். இதனால்தான் கையைப் பற்றி இவ்வளவு எழுத வேண்டியிருக்கிறது.

கைக்குழந்தை உள்ள சகோதரிகளுக்கு இடையில் ஒரு விடயம். "என்ர பிள்ளை இப்பவே இடக்கைக்காரன்" என்று சில தாய்மார் பெருமையாகச் சொல்வதுண்டு. ஒரு வயதுக்குள் பிள்ளைகள் பொதுவாக இரண்டு கையையும் ஒரேமாதிரித்தான் நீட்டுவார்கள். அந்த வயதிலேயே ஒரு கையை மட்டும் நீட்டி, மற்றக் கையைப் பொத்தி வைத்திருந்தால், பெருவிரலை உள்ளே மடக்கியபடியே நாலைந்து மாதம் கடந்தும் இருந்தால், அதைக் குடும்பநல உத்தியோகத்தரிடம் காட்டிக் கேளுங்கள். அந்த இடக்கைக்காரனுக்கு வலக்கை பலவீனமாக இருக்கலாம். முந்திக் கண்டுபிடித்தால் முந்திப் பழக்கலாம்.

கை ஏன் மடங்கியிருக்கிறது? தசையில் நோய் இல்லை. "இறுகு", "தளர்" என்று மூளையிலிருந்து போகவேண்டிய கட்டளை ஒழுங்காகப் போவதில்லை. இப்படி இறுகியிருக்கும் தசைக்கு ஒரு குணம் உண்டு. வேகமாக இழுத்தால் அது இன்னும் கூடுதலாக இறுகும். நாங்கள் பலங்கொண்டு விரலைப் பிரிக்கப் பிரிக்க, பிள்ளை அழும், உடம்பு முழுவதும் விறைக்கும், கை முன்னரைவிட இறுகப் பொத்தும். கையைக் கழுவவோ நகம் வெட்டவோ பொத்திய கையைத் திறக்க வேண்டுமென்றால், முதலில் மணிக்கட்டை மெதுவாக உள்பக்கம் மடக்குங்கள். விரல்கள் தாமாகக் கொஞ்சம் தளரும். அல்லது சின்ன விரல் பக்கமாகக் கையின் வெளி ஓரத்தை விரலிலிருந்து மணிக்கட்டு நோக்கித் தடவிப் பாருங்கள். பெருவிரலை நுனியில் பிடித்து இழுக்கக் கூடாது. அடியில், உள்ளங்கையோடு சேரும் இடத்தில் பிடித்து மெல்ல வெளியே எடுக்க வேண்டும். எண்ணெய் பூசித் தேய்ப்பது பிள்ளைக்கு இதமாக இருக்கும். தாய்க்கும் பிள்ளைக்கும் அது நல்ல நேரம், விடவேண்டியதில்லை. ஆனால் எண்ணெய் கைக்கு ஒரு வேலையையும் பழக்காது.

இதைச் சிகிச்சை உலகமே தெரிந்துகொள்ள நீண்ட காலம் எடுத்தது. பெர்லின் நகரில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்த பெர்தா போபாத்தும், வைத்தியரான அவருடைய கணவர் காரெல் போபாத்தும் நாசிகளுக்குத் தப்பி லண்டனுக்கு வந்த அகதிகள். பெருமூளை வாதமுள்ள பிள்ளைகளை ஒன்றும் செய்ய ஏலாதவர்கள் என்று ஒதுக்கிவைத்த காலத்தில், அந்தத் தம்பதி அவர்களுக்கென்று ஒரு சிகிச்சை முறையை உருவாக்கினார்கள். அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். சிகிச்சையாளர் தன் கைகளால் பிள்ளையின் உடம்பைப் பிடித்து, பிழையான அசைவைத் தடுத்து, சரியான அசைவை உணரச் செய்வது அவர்களுடைய முறை. பல நாடுகளில் பல பத்தாண்டுகள் இது நடந்தது. கேள்வி என்னவென்றால், அசைப்பது சிகிச்சையாளரா, பிள்ளையா என்பதுதான்.

அமெரிக்காவில் எட்வர்ட் டாப் என்ற உளவியலாளர் வேறொரு வழியால் இந்தக் கேள்விக்கு வந்தார். ஒரு கையின் உணர்வு நரம்பைத் துண்டித்த குரங்கு அந்தக் கையைப் பாவிப்பதை நிறுத்திவிடுகிறது. நல்ல கையைக் கட்டிவிட்டால் பாவிக்கத் தொடங்குகிறது. (அந்தக் குரங்குச் சோதனைகளுக்கு எதிராகப் பலத்த கண்டனமும் எழுந்தது, அது தனிக் கதை.) கை பாவிக்க முடியாமல் இருப்பதில் ஒரு பகுதி, பாவிக்காமலே விட்டுப் பழகியதால் வருவது என்பது அவர் கண்ட உண்மை. முதலில் பாரிசவாதம் வந்த பெரியவர்களுக்கும், பின்னர் பிள்ளைகளுக்கும் இந்தச் சிகிச்சை வந்தது. 2004 இல் அவரும் மற்றவர்களும் வெளியிட்ட ஆய்வில் ஒரு பக்கம் பலவீனமான சின்னப் பிள்ளைகளின் நல்ல கையை இலேசான கட்டுக்குள் வைத்து, 21 நாட்கள், நாளுக்கு 6 மணித்தியாலம், பலவீனமான கையால் விளையாட விட்டார்கள். கைகள் தெளிவாக முன்னேறின.

இதைக் கேட்டதும் சீலைத்துண்டால் பிள்ளையின் நல்ல கையைக் கட்டிவிட யாரும் எழும்ப வேண்டாம். பயிற்றப்பட்டவர் பக்கத்தில் இருந்து, பிள்ளை விழுந்தால் ஊன்றக் கையுண்டா என்று பார்த்து, விளையாட்டாகச் செய்வது அது. பிள்ளைக்கு அது தண்டனையாகத் தெரிந்தால் பலனில்லை. வீட்டில் கட்டத் தேவையும் இல்லை. ஏன் என்றால், நியூயோர்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அன்ட்ரூ கோர்டன் என்பவரும் அவருடைய குழுவும் வேறு விதமாக யோசித்தார்கள். ஒரு நாளில் நாம் செய்யும் வேலைகளில் எத்தனை ஒற்றைக்கை வேலை? போத்தல் மூடி திறக்க, தெறி பூட்ட, சீலை பிழிய, எல்லாவற்றுக்கும் இரண்டு கை வேண்டும். ஆகவே நல்ல கையைக் கட்டாமல், இரண்டு கையும் தேவைப்படும் விளையாட்டுகளையே பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். 2011 இல் வெளிவந்த ஆய்வில் 42 பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கட்டும் முறையும் மற்றவர்களுக்கு இருகை முறையும் 90 மணித்தியாலம் கொடுத்துப் பார்த்தபோது, இரு பகுதியினரின் கைகளும் ஏறக்குறைய ஒரேயளவு முன்னேறின. தாங்கள் செய்ய விரும்பிய வேலைகளைப் பழகியதில் இருகைப் பிள்ளைகள் கொஞ்சம் முந்தி நின்றார்கள்.

2013 இலும் பின்னர் 2020 இலும் அவுஸ்திரேலியாவைச் சேர்ந்த அயோனா நோவாக்கும் கூட்டாளிகளும் பெருமூளை வாதத்துக்கான சிகிச்சைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து, வீதிச் சமிக்ஞை விளக்குப் போல சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வகுத்தார்கள். பச்சையில் நின்றவற்றில் பிள்ளை தானே செய்யும் பயிற்சிகள் இருந்தன: கட்டும் முறை, இருகை முறை, பிள்ளை விரும்பிய வேலையை இலக்காக வைத்துப் பழக்குவது, வீட்டிலேயே செய்யும் பயிற்சித் திட்டம். மற்றவர் கையால் இழுத்து நீட்டிவிடுவதற்குப் பச்சை கிடைக்கவில்லை.

வீட்டில் செய்யலாம் என்ற எண்ணம் எங்கள் நாட்டுக்குப் புதிதல்ல. உலக சுகாதார நிறுவனம் 1989 இல், வலுவிழந்தவர்களைக் குடும்பத்தவரே ஊரில் வைத்துப் பழக்குவதற்கு ஒரு கைந்நூல் வெளியிட்டது. அதை எழுதிய நால்வரில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த இயன்மருத்துவர் பத்மானி மென்டிஸ்.

சரி, எங்கள் வீடுகளில் கைக்கு என்ன வேலை இருக்கிறது? சுவீடன் நாட்டுச் சிகிச்சையாளர்கள் பலவீனமான கையை "உதவிக் கை" என்று பார்க்கச் சொல்கிறார்கள். அது எழுதவும் வேண்டாம், ஊசி கோர்க்கவும் வேண்டாம். நல்ல கை வேலை செய்யும்போது இது பிடித்துக்கொண்டிருந்தால் போதும், அமர்த்திக்கொண்டிருந்தால் போதும். அப்படிப் பார்த்தால் எங்கள் குசினியும் முற்றமும் இருகை வேலைகளால் நிறைந்திருக்கின்றன. முருங்கையிலை உருவ ஒரு கை காம்பைப் பிடிக்க வேண்டும். அவித்த பனங்கிழங்கை இரண்டாகப் பிளந்து நார் எடுக்க இரண்டு கை வேண்டும். கச்சான் உடைக்க, வாழைப்பழம் உரிக்க, றொட்டிக்கு மா குழைக்க, சின்னத் துணி பிழிய, மூடியுள்ள பேணியைத் திறக்க என்று நீங்களே சேர்த்துக்கொள்ளலாம். விளையாட்டுச் சாமான் வாங்கக் காசு இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். (கச்சான், புளியங்கொட்டை போன்றவற்றை வாயில் போடும் வயதுப் பிள்ளைகளிடம், அல்லது விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். புரைக்கேறி மூச்சடைக்கும்.)

தொடங்குமுன் பிள்ளையை நன்றாக இருத்துங்கள். பாதம் இரண்டும் தரையில் அல்லது ஒரு பலகையில் பதிய வேண்டும், மேசை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். விழுந்துவிடுவேனோ என்று உடம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் பிள்ளையின் கை வேலை செய்யாது. எந்தக் கைக்கு எந்த வேலை என்று தொடங்குமுன்பே சொல்லிவிடுங்கள். "இந்தக் கை காம்பைப் பிடிக்கும், அந்தக் கை உருவும்." பிறகு பேசாமல் இருங்கள். இடையில் "வலக்கையைப் பாவி, வலக்கையைப் பாவி" என்று சொல்லிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு விளையாட்டே வெறுத்துப்போகும். உண்மையில் எனக்குத் தெரிந்த தாய்மாருக்கு எல்லாவற்றிலும் கஷ்டமானது இந்தப் பேசாமல் இருப்பதுதான்.

தாய்மாரைவிடக் கஷ்டம் அம்மம்மாமாருக்கு. ஒரு வீட்டில் 7 வயதுப் பையன், வலக்கை பொத்தியபடி இருக்கும். தகப்பன் இல்லை. தாய் விடிய 5 மணிக்கு ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறினால் இரவாகித்தான் வருவார். அம்மம்மாதான் எல்லாம். சாப்பாடு தீத்துவது, சட்டை போடுவது, முகம் கழுவிவிடுவது எல்லாம் அவர். நான் மெதுவாகத் தொடங்கினேன்.

"அம்மா, கோப்பையை அவன்ர முன்னால வைச்சுப் பாப்பமே?"

"அவனுக்கு ஏலாது பிள்ளை. பாவம். நான் இருக்குமட்டும் தீத்திவிடுவன்."

"நீங்கள் இல்லாத காலத்தில?"

அவர் கோபப்படவில்லை. கொஞ்சநேரம் முற்றத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அதைத்தான் நான் இரவிலை யோசிக்கிறது" என்றார்.

கிளினிக்கில் இருந்த தொழில்வழிச் சிகிச்சையாளர், கையை அன்றாட வேலைகளுக்குப் பழக்குபவர், பையனிடமே கேட்டார், உனக்கு என்ன செய்ய விருப்பம் என்று. நாங்கள் எல்லோரும் சாப்பாடு, பேனை என்று நினைத்துக்கொண்டிருக்க, அவன் பட்டம் என்றான். ஒழுங்கைப் பெடியங்கள் எல்லோரும் பட்டம் விடுகிறார்கள், இவன் வேலிக்குள் நின்று பார்க்கிறான். நூல்கட்டையைப் பிடிக்க ஒரு கை, நூலை விட்டு இழுக்க ஒரு கை. இதைவிட நல்ல இருகைப் பயிற்சி யார் எழுதித் தந்தாலும் கிடைக்காது. சைக்கிள் ரியூப் துண்டைச் சுற்றி நூல்கட்டையைத் தடிப்பாக்கினோம். அதைப் பொத்திய வலக்கைக்குள் கொடுத்து, முதலில் பட்டம் இல்லாமல், அம்மம்மா நூல் நுனியைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் அங்குமிங்கும் நடந்தார். கட்டை விழும், எடுப்பான், திரும்ப விழும். அவர் குனிந்து எடுத்துக் கொடுக்கப் போவார், பிறகு நினைவு வந்து நிற்பார். மார்கழி வாடைக்காற்றுக்கு அவன் பட்டம் விட்டான். இரண்டாம் நாளே அது பக்கத்து வளவு வேப்பமரத்தில் சிக்கிக் கிழிந்துபோனது. ஆனால் கை ஒன்றைப் பிடிக்கப் பழகிவிட்டது. இப்போது அதே கை கோப்பையின் விளிம்பைப் பிடிக்கிறது, இடக்கையால் தானே சாப்பிடுகிறான்.

இடக்கையால் சாப்பிடுவது! இதற்கு ஒரு தனிப் பந்தி எழுத வேண்டும். வலக்கை பலவீனமான பிள்ளை இடக்கையால்தான் சாப்பிட முடியும். கோயில் மடத்திலும் கலியாண வீட்டிலும் யாராவது "பீச்சக் கையாலயோ சாப்பிடுறாய்?" என்று கேட்பார்கள். பிள்ளை அன்றைக்குப் பிறகு சபையில் சாப்பிடவே மாட்டாது. சிலவேளை தாயே வெட்கத்தில் தீத்திவிடத் தொடங்குவார். சவர்க்காரம் போட்டுக் கழுவிய கை எந்தக் கையானாலும் சுத்தமான கை. கேட்பவர்களுக்கு நீங்கள் முந்திப் பதில் சொல்லிவிடுங்கள், பிள்ளையைச் சொல்ல விடாதீர்கள். கரண்டியால் சாப்பிட விரும்பினால் பிடியில் துணியைச் சுற்றித் தடிப்பாக்கிக் கொடுங்கள்.

இதையெல்லாம் வாசிக்கும்போது உங்களில் பலருக்கு என்ன தோன்றும் என்று எனக்குத் தெரியும். விடிய எழும்பிச் சமைத்து, கூலிக்குப் போய், வந்து விறகு தேடி, கடன்காரருக்குப் பதில் சொல்லி, இதற்குள் 90 மணித்தியாலத்துக்கு எங்கே போவது? கணவன் இல்லாமல் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணிடம் "பிள்ளைக்குத் தினமும் பயிற்சி கொடுங்கள்" என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போவது எனக்கு உடன்பாடில்லை. ஆகவே 2009 இல் நோவாக்கும் வேறு இருவரும் வெளியிட்ட ஒரு ஆய்வைச் சொல்கிறேன். பள்ளி வயதுப் பிள்ளைகள் 36 பேர். சிகிச்சையாளர் பெற்றோரோடும் பிள்ளையோடும் பேசி, எந்த வேலை பழக விருப்பம் என்று கேட்டு, வீட்டுக்கு ஏற்றமாதிரித் திட்டம் போட்டுக் கொடுத்தார். 8 வாரம் செய்த பிள்ளைகள், திட்டமே இல்லாத பிள்ளைகளைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். அந்தப் பெற்றோர் எவ்வளவு நேரம் செலவழித்தார்கள் தெரியுமா? சராசரியாக மாதத்தில் 17 அல்லது 18 தடவை, ஒரு தடவைக்கு 16, 17 நிமிடம். மாதத்தில் பன்னிரண்டு, பதின்மூன்று நாட்கள் அவர்களும் செய்யவில்லை! காய்ச்சல் வந்திருக்கும், விருந்தாளி வந்திருப்பார், களைத்துப் படுத்திருப்பார்கள்.

தனியாக நேரம் ஒதுக்க முடியாவிட்டால், எப்படியும் நடக்கும் வேலைக்குள் இதைப் போடுங்கள். முருங்கையிலை எப்படியும் உருவத்தான் வேண்டும். சட்டை எப்படியும் போடத்தான் வேண்டும். அவசரமான காலையில் நீங்களே போட்டுவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போடட்டும். அக்காமார், அண்ணாமார் விளையாட்டாகச் செய்யலாம். ஆனால் இதற்கென்று ஒரு பெண்பிள்ளையின் படிப்பை மறிக்காதீர்கள். அதையும் நான் காண்கிறேன்.

"இவளுக்கு வயசு போட்டுது மிஸ், இனி என்ன" என்று ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகளுக்கு 12 வயது. கொலம்பியாக் குழு 2006 இல் 4 முதல் 8 வயதுப் பிள்ளைகளையும் 9 முதல் 13 வயதுப் பிள்ளைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தது. பெரிய பிள்ளைகளும் சின்னப் பிள்ளைகள் அளவுக்கே முன்னேறினார்கள். முந்தித் தொடங்குவது நல்லது, பிந்தியதற்காக விட்டுவிட வேண்டியதில்லை.

அந்த அம்மாவுக்கு இன்னொன்றும் எழுத விரும்புகிறேன், பெண்பிள்ளை உள்ள எல்லோரும் வாசியுங்கள். சட்டை மாற்றவும், கழுவவும், மாதவிடாய்த் துணி மாற்றவும் மற்றவர் கை தேவைப்படும் பெண்பிள்ளையை, தாய் வேலைக்குப் போகும் நேரம் யாரிடம் விட்டுப்போவது என்பது எங்கள் வீடுகளில் எவ்வளவு பெரிய பயம் என்று சொல்லத் தேவையில்லை. இவற்றில் ஒன்றையாவது தானே செய்யப் பழகிய பிள்ளைக்கு, அந்த அளவுக்கு மற்றவர் கை தன் உடம்பில் படத் தேவையில்லை. "வேண்டாம், நான் செய்யிறன்" என்று சொல்லவும் வாய் வரும். ஆகவே எதை முதலில் பழக்குவது என்று நீங்கள் யோசித்தால், எழுத்தைவிட முந்தி இதை வையுங்கள்.

சட்டை போடும்போது பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது அந்தக் கையைக் கடைசியில் எடுக்க வேண்டும். இந்த ஒழுங்கு தெரியாமல் எவ்வளவோ தாய்மார் தினமும் மல்லுக்கட்டுகிறார்கள். கழுத்து அகன்ற சட்டை, இலாஸ்டிக் வைத்த பாவாடை அல்லது கழிசான், தெறிக்குப் பதிலாக ஒட்டும் பட்டி. முழுவதையும் ஒரே நாளில் பழக்காதீர்கள். நீங்கள் போட்டுவிட்டு, கடைசியில் கீழே இழுத்துவிடுவதை மட்டும் பிள்ளையிடம் விடுங்கள். அது வந்தபிறகு அதற்கு முந்திய படி. மாதவிடாய்க்கு, தானே வைத்து எடுக்கக்கூடிய உள்ளாடை எது என்று பிள்ளையோடு சேர்ந்து, முதலில் மாதவிடாய் இல்லாத நாளில், உடுப்பு உலர்ந்திருக்கும்போது ஒத்திகை பாருங்கள்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். நான்கு கைகாலும் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். கை தன்பாட்டில் துள்ளிக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் முருங்கையிலை உருவப் போவதில்லை, பட்டம் விடப்போவதில்லை. தாய் முயற்சி செய்யாததால் அல்ல, மூளைக் காயம் அவ்வளவு பெரிது. அவர்களுக்கு வேலை வேறு. தினமும் உள்ளங்கையைத் திறந்து கழுவி, ஈரம் போகத் துடைத்து, நகத்தைக் குறுக வெட்டிவிட வேண்டும். பொத்திய கைக்குள் வியர்த்துப் புண் வந்தால் அந்தப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது, இரவெல்லாம் அழும். இப்படிப்பட்ட பிள்ளையிலும் ஒரு விரலோ ஒரு கைமுட்டியோ சொன்னபடி அசையலாம். "ஓம்" என்பதற்கு மேசையைத் தட்டப் பழகினால், சோறா தேத்தண்ணியா என்று கேட்க உங்களுக்கும் ஒரு வழி கிடைக்கும்.

கிளினிக்குக்குப் போகும்போது, "பிள்ளைக்குப் பயிற்சி தாருங்கோ" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிள்ளை பழக விரும்பும் ஒரே ஒரு வேலையைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். "இவள் தானே தண்ணி அள்ளி வார்க்க வேணும், அதுக்குக் கையை என்ன செய்ய?" இப்படிக் கேட்டால் சிகிச்சையாளருக்கும் வேலை சுலபம். நெரிசலான கிளினிக்கில் உங்களுக்குக் கிடைப்பது பத்து நிமிடம், அதை வீணாக்காதீர்கள். அவர் செய்து காட்டியதை அங்கேயே உங்கள் கையால் ஒருமுறை செய்து காட்டிவிட்டு வாருங்கள். சில பிள்ளைகளுக்குக் கையின் இறுக்கம் குறைய போட்டுலினம் என்ற மருந்தை ஊசியாகப் போடலாம் என்று வைத்தியர் சொல்லக்கூடும். அதன் பலன் சுமார் 3 மாதம் நிற்கும், பிறகு குறைந்துவிடும். அந்த 3 மாதமும் கைக்கு வேலை கொடுத்தால்தான் ஊசியால் பயன். கைச்சட்டம் கொடுத்தால் எத்தனை மணித்தியாலம் போடுவது, எங்கே சிவந்தால் கழற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள். வலிப்பு மருந்து எடுக்கும் பிள்ளைகள் அதை எக்காரணம் கொண்டும் தாமாக நிறுத்தக் கூடாது. மாதாந்தக் கொடுப்பனவுக்கு இன்னும் பதியாதவர்கள் உங்கள் பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரிடம் பதியுங்கள். போகும்போது கிளினிக் கொப்பியையும் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் கொண்டுபோங்கள்.

விழுங்கக் கஷ்டப்படும் பிள்ளைகளுக்கு உணவு கொடுப்பது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அதை அடுத்த மாதம் எழுதுகிறேன். அதுவரை அப்படிப்பட்ட பிள்ளைகளைப் படுத்தபடியோ தலையை அண்ணாந்தபடியோ வைத்துத் தீத்தாதீர்கள்.